பதினாறாம் பிரிவும் சட்டசபை ஆசனமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறும் தேர்தல்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் ஜனாதிபதி பதவியைச் சுற்றியே அமைந்துவிடுகிறது. வெள்ளை மாளிகைக்குள் நுழையப் போகிறவர் யார் என்ற கேள்வியில் உலகமே நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மூழ்கிக் கிடக்கையில், அந்நாட்டின் மேற்கு மலைப் பிரதேசத்திலே, ஐடஹோ என்ற மாநிலத்தின் ஏதோவொரு சிற்றூரில், காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையோ, மரமறுக்கும் ஆலையில் வேலை செய்யும் ஒரு தொழிலாளியோ, வேட்டையிலும் மீன்பிடிப்பதிலும் பிரியமுள்ள ஒரு சாமானியக் குடும்பஸ்தரோ, மாநிலச் சட்டசபைக்கு அபேட்சகராக நிற்பது என்று தீர்மானித்து மனுத்தாக்கல் செய்வதை எவரும் செய்தியாகக் கருதுவதில்லை. 2024 தேர்தலில் அதற்கு அவர்கள் கட்டவேண்டியிருந்த தொகை 30 டாலர்தான். ஆயினும் அங்குள்ள காடும் மலையும் ஆற்றங்கரையும் யாருக்குச் சொந்தமாக இருக்கும், வசதியற்ற வீட்டுக் குழந்தை எத்தகைய பள்ளியில் படிக்கும் என்ற இரண்டு விஷயங்களிலும், தலைநகர் வாஷிங்டனில் இருப்பவர்களுக்குப் போலவே அந்தச் சிறிய ஆசனத்துக்கும் பங்கு உண்டு. பொது நிலங்களையும் பொதுப் பள்ளிகளையும் காப்பதற்காகவே நிற்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, சம்பந்தமில்லாத இரண்டு கோஷங்களை அவர் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுகிறார் என்று நினைப்பது தவறு. அந்தப் பிரதேசத்தில் நிலமும் பள்ளியும் பிறவியிலேயே பிணைக்கப்பட்டவை.

அந்தப் பிணைப்பு 1785இல் ஆரம்பமாகிறது. சுதந்திரம் பெற்றுச் சில வருஷங்களே ஆகியிருந்த அத்தேசத்தின் காங்கிரஸ், மேற்கே பரந்து கிடந்த பூமியை அளந்து விற்பதற்கு ஒரு சட்டம் இயற்றியது. பூர்வகுடி ஜனங்களிடமிருந்து உடன்படிக்கையாலும் யுத்தத்தாலும் பறிக்கப்பட்ட பூமி அது என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமாகாது. பின்னாளில் ஐடஹோ ஆன பகுதியிலும் நெஸ் பெர்ஸ், ஷோஷோனி முதலிய மக்கள் தங்கள் நதிக்கரைகளை அப்படித்தான் இழந்தார்கள். நில அளவைக்காரர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் சங்கிலியை இழுத்துப் பிடித்து, ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமுமான சதுரங்களாக நாட்டை வகுத்து, ஒவ்வொரு சதுரத்தையும் 640 ஏக்கர் வீதம் 36 பிரிவுகளாகப் பகுத்தார்கள். பிற்பாடு நிலைபெற்ற முறைப்படி, வடகிழக்கு மூலையில் ஒன்று என்று தொடங்கும் இலக்கம் மேற்கே ஆறு வரை போய், அடுத்த வரிசையில் ஏழு என்று கிழக்கு நோக்கித் திரும்பி, ஏர்மாடு சால் முடிந்து திரும்புவதுபோல் மாறி மாறி வந்து, தென்கிழக்கு மூலையில் முப்பத்தாறில் முடியும். அந்தச் சதுரத்தின் ஏறக்குறைய நடுவிலே விழுகின்ற பதினாறாம் பிரிவை, அவ்வட்டாரத்துப் பொதுப் பள்ளிக்கூடங்களின் போஷணைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது விதி. குடியேற வருகிறவன் தன் குடிசைக்குக் கூரை போடுவதற்கு முன்னரே, அவனுக்குப் பிறக்கப் போகும் பிள்ளையின் படிப்புக்கு மானியம் எழுதி வைத்துவிட்ட அந்த ஏற்பாட்டை, அதைச் சூழ்ந்திருந்த அநியாயங்களை அறிந்தே, நான் மனமாரப் போற்றுகிறேன்.

மேற்கே செல்லச் செல்லப் பூமி வறண்டு அதன் மதிப்பும் குறைந்தபடியால், மானியத்தின் அளவு கூடிக்கொண்டே போயிற்று. 1848இல் ஆரிகன் பிரதேசம் அமைக்கப்பட்டபோது பதினாறாம் பிரிவோடு முப்பத்தாறாம் பிரிவும் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது. 1896இல் மாநில அந்தஸ்து பெற்ற யூட்டாவுக்கு ஒவ்வொரு சதுரத்திலும் நான்கு பிரிவுகள் கிடைத்தன. 1890 ஜூலை 3ஆம் தேதி ஐடஹோ மாநிலமானபோது, பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகம் முதலான ஸ்தாபனங்களுக்குமாகச் சேர்த்து அது பெற்ற நிலம் சுமார் 36 லட்சம் ஏக்கர். பகிரங்க ஏலத்தில்தான் விற்கலாம், ஏக்கர் பத்து டாலருக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு அந்த நிலம் கொடுக்கப்பட்டது. ஆளுநர், மாநிலச் செயலாளர், தலைமை வழக்கறிஞர், கணக்காயர், பொதுக் கல்வி மேற்பார்வையாளர் ஆகிய ஐவரும் அதன் தர்மகர்த்தாக்களாக இருக்கிறார்கள். இவர்கள் ஐவரும் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். நிலத்தில் வளரும் மரத்தை விற்றும், மேய்ச்சலுக்குக் குத்தகை விட்டும் வருகின்ற பணம் இன்றைக்கும் பள்ளிகளுக்குப் போகிறது.

எல்லா மாநிலங்களும் இந்தத் தர்மசொத்தைக் காத்துக்கொள்ளவில்லை. அண்டை மாநிலமான நெவாடா, தனக்குரிய சுமார் 39 லட்சம் ஏக்கரைக் கொடுத்து, தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் 20 லட்சம் ஏக்கரை 1880இல் மாற்றாகப் பெற்று, பின்னர் அதையும் ஏறக்குறைய முழுவதும் விற்றுத் தீர்த்துவிட்டு, இன்று சில ஆயிரம் ஏக்கருடன் நிற்கிறது. ஐடஹோ அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், பெற்றதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கைமாறிப் போய், இப்போது சுமார் 25 லட்சம் ஏக்கர் எஞ்சியிருக்கிறது. விற்றவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். பணமுடை வந்த காலத்தில், கையில் இருக்கும் நிலத்தை விற்பதைக் காட்டிலும் சுலபமான வழி எந்தச் சர்க்காருக்கும் தோன்றுவதில்லை.

இந்த மானிய நிலங்கள் வேறு, மத்திய சர்க்காரின் வசமுள்ள பொது நிலங்கள் வேறு. ஐடஹோவின் மொத்தப் பரப்பில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேற்பட்டது மத்திய சர்க்காரின் வன இலாகாவிடமும் நில நிர்வாக இலாகாவிடமும் இருக்கிறது. அந்த நிலம் அமெரிக்கப் பிரஜைகள் அனைவருக்கும் பொது. எந்தப் பட்டாவும் இல்லாத கூலிக்காரன்கூட அங்கே கூடாரம் அடித்துத் தங்கலாம். பருவத்தில் மான் வேட்டையாடலாம். ஓடையில் தூண்டில் போடலாம். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு குளிர்காலத்துக்கு விறகு வெட்டிப் போகலாம். மாநிலமாகச் சேர்ந்தபோது, இந்த நிலங்களின்மீது தங்களுக்கு எவ்வித உரிமையும் இல்லை என்று ஐடஹோ ஜனங்கள் தங்கள் அரசியல் சாசனத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இருந்தும், அந்த நிலங்களை மாநிலத்துக்கு மாற்றித் தரவேண்டும் என்ற கோரிக்கை மறுபடி மறுபடி எழும்புகிறது. 2012இல் யூட்டா சட்டசபை, மத்திய சர்க்கார் 2014 முடிவதற்குள் நிலங்களை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டமே செய்தது. மறுவருஷம் ஐடஹோ சட்டசபை அதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, ஆராய்வதற்கு ஒரு குழுவையும் நியமித்தது. 2024 ஆகஸ்டில் யூட்டா 1 கோடியே 85 லட்சம் ஏக்கரைக் குறித்து நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது ஐடஹோ அதனை ஆதரித்து மனுச் செய்தது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. அவ்வருஷம் ஜூனில், மேற்கு மாநிலங்களில் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஏக்கர் வரை விற்க வேண்டும் என்று யூட்டாவின் செனட்டர் மைக் லீ கொண்டுவந்த யோசனை, வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் அவருடைய சொந்தக் கட்சியைச் சேர்ந்த ஐடஹோ செனட்டர்களும் எதிர்த்தபடியால் வாபஸ் பெறப்பட்டது. வாபஸ் பெறப்பட்ட யோசனை செத்துப்போன யோசனை என்று எண்ணி நிம்மதியடைய எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

மாநிலத்துக்கே நிலம் வந்தால் என்ன கெட்டுவிடும், உள்ளூர்க்காரர்களுக்குத் தங்கள் காட்டைப் பற்றி வாஷிங்டன் அதிகாரிகளைவிட நன்றாகத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோடைக்காலத்தில் அந்த மலைகளில் பற்றியெரியும் காட்டுத் தீயை அணைப்பதற்கு ஆகும் செலவை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. 1995இல் வன இலாகாவின் வரவுசெலவில் நூற்றுக்குப் பதினாறு பங்கு தீயணைப்புக்குப் போயிற்று. 2015இல் பாதிக்கு மேல் போய்விட்டது. மத்திய சர்க்கார் கடன் வாங்கியாவது சமாளித்துவிடும். ஐடஹோவின் சாசனமோ வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்வதை அனுமதிப்பதில்லை. அங்கே பொக்கிஷத்திலிருந்து மிகப் பெரும்பங்கைப் பெறுவது பள்ளிக் கல்வி. மூன்று கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் பொறுப்பு மாநிலத்தின் தலையில் விழுந்து, அடுத்தாற்போல் இரண்டு கோடைகள் கடுமையாக எரிந்தால், ஒன்று பள்ளிகளுக்கான தொகையில் கை வைக்க வேண்டும், இல்லையேல் நிலத்தை விற்க வேண்டும். முதலில் முன்னதும், பிறகு பின்னதும் நடக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மேற்குப் பகுதியின் கிராம ஜனங்களுக்கு மத்திய சர்க்காரின்மீது மனக்குறை இருப்பதை நான் மறுக்கவில்லை. அதில் பெரும்பகுதி நியாயமானது. மத்திய சர்க்கார் நிலத்துக்குச் சொத்துவரி கிடையாது. கவுண்ட்டி எனப்படும் மாவட்டம் ஒன்றில் பத்தில் ஏழு பங்கு அத்தகைய நிலமாக இருந்தால், மீதி மூன்று பங்கில் வாழ்பவர்களே பள்ளிக்கும் சாலைக்கும் வரி கட்டியாக வேண்டும். இதற்குப் பரிகாரமாக, தேசியக் காடுகளின் வருமானத்தில் நாலில் ஒரு பங்கைப் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் தருவதாக 1908இல் ஏற்பாடாயிற்று. வரிக்கு ஈடாக ஒரு தொகை 1976ஆம் வருஷத்துச் சட்டப்படி வருகிறது. 1990களில் மரம் வெட்டுவது பெரிதும் குறைந்து அந்த நாலில் ஒரு பங்கு தேய்ந்துபோனபோது, 2000ஆம் வருஷம் கிராமப் பள்ளிகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று வந்தது. அது அவ்வப்போது காலாவதியாகி, மறுபடி உயிர்ப்பிக்கப்படும் வரை பள்ளி நிர்வாகிகளைத் தவிக்க விடுகிறது. இந்தத் தவிப்பைத் தீர்க்கும்படி வாஷிங்டனை வற்புறுத்துவது சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் கடமை. நிலத்தையே கேட்பது அதற்கு மருந்தாகாது.

விற்றால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மத்திய ஐடஹோவில், மக்கால், காஸ்கேட் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் சுமார் 1,72,000 ஏக்கர் காடு மரக் கம்பெனிகளின் கையில் இருந்தது. தனியார் சொத்தே ஆயினும், கம்பெனிகள் பல வருஷங்களாக ஜனங்களைத் தடுக்கவில்லை. தகப்பன் மகனை அழைத்துக்கொண்டு எல்க் மான் வேட்டைக்குப் போவான். பெண்கள் குழந்தைகளோடு சென்று ஹக்கிள்பெரிப் பழம் பறிப்பார்கள். பனிக்காலத்தில் பனிவண்டிகள் ஓடும். 2016இல் டெக்சாஸ் மாநிலத்துச் செல்வந்தர் இருவர் அதை விலைக்கு வாங்கினார்கள். அதற்குப் பிறகு மண் சாலைகளின் குறுக்கே இரும்புக் கதவுகள் முளைத்தன. அதுவரை சொந்த முற்றம்போல் நடமாடிய இடத்தின் எல்லையில், உள்ளே வராதே என்ற பலகையைக் கண்டு ஜனங்கள் திரும்பி வந்தார்கள். 2018இல் ஐடஹோ சட்டசபை அத்துமீறி நுழைவதற்கான தண்டனையைக் கடுமையாக்கிற்று. வாங்கியவர்கள் சட்டத்துக்கு விரோதமாக எதையும் செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. சொத்துக்குடையவன் வேலி போடுவான். அதனால்தான் வேலிக்கு உட்படாத நிலம் என்று ஒன்று தேசத்தில் இருந்தாக வேண்டும்.

இந்த இரண்டு பொருள்களையும் தலைமேற்கொண்டு சட்டசபைக்குள் நுழைந்த ஒரு மனிதரை ஐடஹோ கண்டிருக்கிறது. சீசில் ஆண்ட்ரஸ் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் 1931இல் பிறந்து, கொரிய யுத்த காலத்தில் கடற்படையில் பணியாற்றித் திரும்பி, வடக்கு ஐடஹோவில் கிளியர்வாட்டர் நதிக்கரையிலுள்ள ஒரஃபீனோ என்ற ஊரில் மரத்தொழிலாளியாக வாழ்ந்தவர். படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். ஊர்ப் பள்ளிகளின் நிலைமையைப் பற்றிய மனக்கொதிப்பே அவரை அரசியலுக்கு இழுத்து வந்தது. சட்டசபையின் மேல்சபையான மாநிலச் செனட்டில் ஒவ்வொரு கவுண்ட்டிக்கும் ஒருவர் என்றிருந்த அக்காலத்தில், 1960இல், கிளியர்வாட்டர் கவுண்ட்டிக்காக நின்று, இருபத்தொன்பதாம் வயதில் ஜெயித்தார்.

1966இல் ஆளுநர் பதவிக்கு நின்ற அவர் ஒரே வருஷத்தில் இரண்டு முறை தோற்றார். கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் தோற்றபின், வென்றவர் விமான விபத்தில் மாண்டுபோகவே, அவருக்குப் பதிலாக நிறுத்தப்பட்டு, நவம்பரில் டான் சாமுவெல்சனிடம் மறுபடி தோற்றார். தோற்றவர் ஒதுங்கிவிடவில்லை; 1968இல் திரும்பவும் மாநிலச் செனட்டுக்கே வந்தார். அதற்குள் புதிய விவகாரம் ஒன்று மூண்டிருந்தது. வைட் கிளவுட்ஸ் மலைத்தொடரில் காசில் பீக் என்ற சிகரத்தின் அடிவாரத்தைத் தோண்டி மாலிப்டினம் என்ற உலோகம் எடுப்பதற்கு ஒரு பெரிய சுரங்கக் கம்பெனி ஆயத்தம் செய்தது. நிலம் வன இலாகாவினுடையது. ஆனால் 1872ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் கம்பெனியின் பக்கம் இருந்தது. சுரங்கத்தை ஆதரித்த சாமுவெல்சனை 1970இல் மறுபடியும் எதிர்த்து நின்ற ஆண்ட்ரஸ், அந்தச் சிகரத்தையே தேர்தல் பிரச்சினையாக ஆக்கி வெற்றி பெற்றார். சுரங்கத் தொழிலால் வளர்ந்த ஒரு மாநிலத்தில் மலையைத் தோண்டாதே என்று சொல்லி ஒருவர் ஆளுநராவது அக்காலத்தில் எவரும் எதிர்பாராதது. காசில் பீக் இன்றும் தோண்டப்படாமல் நிற்கிறது. அதைச் சூழ்ந்த வனப்பகுதிக்கு 2018 முதல் அவர் பெயரே வழங்குகிறது.

நிலத்தில் கிடைத்த புகழில் பள்ளியை அவர் மறக்கவில்லை என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். அவர் ஆளுநராக இருந்த 1975இல்தான் பொதுப் பள்ளிகளில் மழலையர் வகுப்புகளுக்கு மாநிலத்தின் பணம் கிடைக்கலாயிற்று. பின்னர் ஜனாதிபதி கார்ட்டரின் உள்துறை மந்திரியாகி, அலாஸ்காவில் பத்துக் கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாதுகாப்பளித்த 1980ஆம் வருஷத்துச் சட்டத்துக்காகப் பாடுபட்டு, மீண்டும் ஊர் திரும்பி எட்டு வருஷம் ஆளுநராக இருந்தார். 2017இல் காலமானார். இத்தனைக்கும் தொடக்கம் ஒரு கவுண்ட்டியின் செனட் ஆசனம்.

இன்று அப்படி நிற்கிறவருக்குப் பாதை அன்றைவிடக் கடினம். ஐடஹோவில் குடியரசுக் கட்சியின் ஆதிக்கம் அசைக்க முடியாதது. 2012 முதல் அக்கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் அதில் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே ஓட்டளிக்க முடியும். தொகுதிகள் பலவற்றில் மே மாதத்தில் நடக்கும் அந்த முதற்கட்டத் தேர்தலிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. ஆகையால் நிற்பதே வீண் என்று சொல்லும் நண்பர்களுக்கு, அம்மாநிலத்து ஜனங்களின் ஓட்டையே பதிலாகக் காட்டலாம். ஆசிரியர்களின் கூட்டுப் பேர உரிமையைக் குறைத்து 2011இல் இயற்றப்பட்ட சட்டமும் அதனுடன் வந்த வேறு இரண்டும் மறுவருஷம் பொதுஜன வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதே ஜனங்கள் மூன்றையும் தள்ளுபடி செய்தார்கள். 2022இல் பள்ளிகளுக்கு நிதி கோரிச் சாமானியர்கள் வீடு வீடாகச் சென்று கையெழுத்துத் திரட்டிய மனு ஓட்டுக்கு வரவிருந்த தறுவாயில், சட்டசபை விசேஷக் கூட்டம் கூட்டிக் கல்விக்கென்று 41 கோடி டாலரை வருஷாவருஷம் ஒதுக்கத் தீர்மானித்தது. கட்சியின் பெயரில் ஒருவிதமாகவும் பள்ளியின் பெயரில் வேறுவிதமாகவும் ஓட்டளிக்கும் அந்த ஜனங்களிடம், பள்ளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓர் அபேட்சகர் போய் நிற்க வேண்டாமா?

அங்கே பள்ளிக் கட்டடம் ஒன்று கட்டுவதற்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால், வட்டாரத்து வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் வேண்டும் என்றாலும் கூரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். இந்த முறை குழந்தைகளுக்குப் பத்திரமான கட்டடங்களைத் தரப் போதாது, சாசனத்துக்கு ஒவ்வாது என்று மாநிலத்தின் உச்ச நீதிமன்றமே 2005இல் தீர்ப்பளித்தது. மாணவன் ஒருவனுக்குச் செலவிடும் தொகையில் தேசத்தின் கடைசி வரிசையில் நிற்கும் அந்த மாநிலத்தில், 2025 பிப்ரவரியில் வேறொரு சட்டம் நிறைவேறிற்று. தனியார் பள்ளிச் செலவுக்காகக் குழந்தைக்கு 5,000 டாலர் வரை வரிச்சலுகை தரவும், அதற்கென்று வருஷத்துக்கு 5 கோடி டாலர் ஒதுக்கவும் வகை செய்வது அது. தனியார் பள்ளியே இல்லாத மலைக் கிராமத்துக் குழந்தைக்கு இதனால் என்ன பயன் என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள்.

அந்த மசோதா மக்கள் சபையில் 42க்கு 28 என்ற கணக்கில் நிறைவேறியது. செனட்டில் 20க்கு 15. எதிர்க்கட்சிக்குச் செனட்டில் இருந்தவை ஆறே ஆசனங்கள். ஆகவே எதிர்த்து விழுந்த பதினைந்தில் ஒன்பது ஓட்டுகள் ஆளுங்கட்சியினருடையவை. தங்கள் தொகுதியின் கிராமப் பள்ளிகளைக் கண்ணால் கண்டவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். இன்னும் மூன்று பேர் அவர்களோடு சேர்ந்து ஓட்டளித்திருந்தால் மசோதா 17க்கு 18 என்று வீழ்ந்திருக்கும். மூன்று ஆசனம்தான் குறை. ஐடஹோ செனட்டின் முப்பத்தைந்து ஆசனங்களும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்களிடம் திரும்பி வருகின்றன.